முட்டி எப்படி இருக்கு?

மார்ச் 4

இன்று எக்ஸ்ரே அறைக்கு வந்த முதல் ஆள் முழங்கால் வலிக்காரர். மேசையில் படுக்கச் சொல்லிவிட்டுக் கருவியை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், நீங்கள் பேட்மின்டன் ஆடியவர்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். வந்தது.

"இப்ப முட்டி எப்படி இருக்கு?"

நடக்க முடியாமல் வந்து படுத்திருக்கும் மனிதர் என் முட்டியை விசாரிக்கிறார். அசையாமல் படுங்கள் என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

என் முட்டிக்கு ஒன்றுமில்லை. அன்றைக்கும் ஒன்றுமில்லை. இந்த வேலையில் சேர்ந்த வாரமே என் முட்டியை நானே படம் எடுத்துப் பார்த்தேன். பாடப்புத்தகத்தில் போடலாம், அவ்வளவு சுத்தம். யாரிடம் காட்டுவது?

மார்ச் 9

உலகச் சம்மேளனத்திலிருந்து மின்னஞ்சல். மே மாதம் நடக்கும் பெண்கள் உலக அணிக் கோப்பைக்கு என்னைத் துணை ரெஃபரியாகப் போட்டிருக்கிறார்கள். உயரமான நாற்காலியில் உட்கார்ந்து புள்ளி சொல்கிற அம்பயராகத் தொடங்கி, லீவு கிடைக்காத மாதங்களில் சம்பளத்தை இழந்து, பரீட்சை மேல் பரீட்சை எழுதி இங்கே வந்திருக்கிறேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அடியில் அணி மேனேஜர்களின் பெயர்கள் இருந்தன.

அவன்.

நம் நாட்டு அணியை விட்டுப் போய் இப்போது வேறொரு நாட்டுக்கு மேனேஜர். அது மட்டுமில்லை, சம்மேளனத்தின் நிர்வாகக் குழுவுக்கும் நிற்கிறானாம். கோப்பை நடக்கும் அதே ஊரில், அதே வாரம் பொதுக்குழு. ஒரு நாட்டுக்கு ஒரு ஓட்டு. உலக பேட்மின்டனை ஆளப்போகிறவர்களில் அவனும் ஒருத்தன்!

வயிறு எரிகிறது. அதைவிட, உள்ளுக்குள் ஒரு குதூகலம். வரட்டும்.

மார்ச் 10

முழுசாக எழுதி வைக்கிறேன். இதுவரை எழுதியதே இல்லை.

அணிப்போட்டியில் ஒரு நாடு இன்னொரு நாட்டோடு ஐந்து ஆட்டம் ஆட வேண்டும். மூன்று சிங்கிள்ஸ், இரண்டு டபுள்ஸ்; மூன்றை ஜெயிக்கிற நாட்டுக்கு வெற்றி. அன்று இரண்டுக்கு இரண்டு என்று நின்றது. ஐந்தாவது ஆட்டம் என்னுடையது. நான் ஜெயித்தால் எங்கள் பிரிவில் முதலிடம். பாதி ஆட்டத்தில் முன்னால் இருந்தேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, கை காற்று மாதிரி போய் வந்தது. வாழ்க்கையில் அப்படி நான் ஆடியதில்லை.

அப்போது அவன் எழுந்து ரெஃபரியிடம் போனான். என் முட்டியில் அடி, அணி இந்த ஆட்டத்தை விட்டுக்கொடுக்கிறது என்றான்.

முதலிடம் வந்தால் காலிறுதியில் உலகத்திலேயே பலமான அணி. இரண்டாவது வந்தால் லேசான அணி. அவ்வளவுதான் கணக்கு. அதற்கு என் முட்டி.

ரெஃபரி ஒரு வயதான மனிதர். அவரிடம் ஓடிப்போய், "எனக்கு ஒண்ணுமில்ல சார், நான் ஆடறேன்" என்றேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மேனேஜர் சொன்னா சொன்னதுதாம்மா" என்றார்.

கூட்டம் ஊளையிட்டது. பயந்து ஓடியவள், சாக்குச் சொன்னவள். காலிறுதியில் என்னை வெளியே உட்காரவைத்தான், பொய் வெளுத்துவிடக் கூடாதே என்று. லேசான அணியிடமும் தோற்றோம். அதற்கும் என் முட்டிதான் காரணம் என்று பேட்டி கொடுத்தான். அடுத்த வருஷம் அணியில் நான் இல்லை. அடிக்கடி காயம்படுகிறவளாம்.

அவனை நான் விடப்போவதில்லை.

மார்ச் 22

இவர் இன்று ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டைப் பிரித்துப் போட்டுவிட்டுக் கிரீஸ் கையோடு வந்தார். நான் மேசை நிறைய விதிப்புத்தகத்தைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, கல்யாணத்தன்றுகூட என் முகத்தில் இந்தக் களை இல்லை என்றார். சிரித்தேன். அப்புறம் விஷயத்தைச் சொன்னேன். முகம் மாறிவிட்டது.

"ஆளைப் பிடிக்கறதுன்னா பிடி. ஆனா நடுவுல யாராவது நிக்கறாங்களான்னு பார்த்துக்கோ. கதவு மூடும்போது நாங்க முதல்ல அதைத்தான் பார்ப்போம்."

லிஃப்ட்காரர் புத்தி லிஃப்டோடு. காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விதி இதுதான். காயம் என்று மேனேஜர் ஓர் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தால் ரெஃபரிக்கு இரண்டு வழி. போட்டி மருத்துவரை அங்கேயே அழைத்துச் சோதிக்கச் சொல்லலாம். அல்லது மேனேஜர் வார்த்தையை ஏற்றுக்கொள்ளலாம். எல்லோரும் ஏற்றுக்கொள்வதுதான் வழக்கம். இப்போதெல்லாம் மறுநாளே மருத்துவரிடம் போய், சரியாகிவிட்டது என்று கையெழுத்து வாங்கிவந்து ஆடுவார்கள். யாரும் ஒன்றும் கேட்பதில்லை. கண்ணடித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

அவன் பழக்கத்தை விடுகிற ஆள் இல்லை. மறுபடியும் செய்வான். நான் மருத்துவரைக் கூப்பிடுவேன். எல்லார் முன்னாலும் மூக்கு உடையும்.

மே 2

வந்து சேர்ந்தேன். அரங்கம் பெரியது. காலையில் ஷட்டில் சோதனை. பின்கோட்டிலிருந்து ஓங்கி அடித்து, எதிர்ப்பக்கம் எங்கே விழுகிறது என்று பார்த்து வேகத்தை முடிவு செய்வோம். ஏசி காற்று ஒரு பக்கமாக இழுக்கிறது. தலைமை ரெஃபரி தானே அடித்துப் பார்த்தார். அவருக்கு விசில் என்று பட்டப்பேர். எங்கள் ஆட்டத்தில் விசிலே கிடையாது. பழைய கால்பந்து நடுவர், கோபம் வந்தால் இன்னும் உதட்டைக் குவிக்கிறார். நல்ல மனிதர்.

மாலையில் மேனேஜர்கள் கூட்டம். அவன் உள்ளே வந்தான். தொப்பை போட்டிருக்கிறது, தலைமுடிக்குச் சாயம். ஒவ்வொரு மேசையாகப் போய்க் கை குலுக்கினான். எல்லாம் ஓட்டு. என்னிடமும் வந்தான். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிரித்தபடி கேட்டான்.

"அடடே, நம்ம பொண்ணு! முட்டி எப்படி இருக்கு?"

கேட்டுட்டான். அவனே கேட்டுட்டான். அவனுக்கு ஞாபகமே இல்லை — முட்டியில் ஒன்றும் இல்லை என்பதே அவனுக்கு மறந்துபோச்சு! தான் சொன்ன பொய்யைத் தானே நம்பிக்கிட்டு நிக்கிறான் பாவி.

நன்றாக இருக்கிறது சார் என்றேன். அறைக்கு வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

மே 4

அவன் அணியின் முதல் சிங்கிள்ஸ் ஆடுகிறவள் சின்னப் பெண். அணியில் அவளைக் குருவி என்று கூப்பிடுகிறார்கள். மெலிந்த கை கால். ஷட்டில் தரைக்கு விரலளவு இருக்கும்போதுகூட எடுத்துவிடுகிறாள். புள்ளி எடுத்தால் கத்துவதில்லை, ராக்கெட்டின் நரம்புகளை விரலால் ஒருமுறை தடவிக்கொள்கிறாள். இன்று இரண்டாவது கேமில் பின்தங்கியிருந்து மீண்டாள். கடமையை மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்த அணிக்கு அவள்தான் முதுகெலும்பு. அவளை எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் சட்டைதான்.

மே 6

சொல்லி வைத்தாற்போல வந்து நிற்கிறது. அவர்கள் பிரிவில் அவன் அணியும் இன்னோர் அணியும் காலிறுதிக்குப் போய்விட்டன. முதலிடம் யார் என்று நாளை முடிவாகும். முதலிடம் வருகிற அணிக்குக் காலிறுதியில் கோப்பையை வைத்திருக்கும் அணி. இரண்டாவதுக்கு லேசான அணி.

நாளை அந்த மோதலுக்கு நான்தான் பொறுப்பு.

விசிலிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன், காயம் பொய் என்று மருத்துவர் சொன்னால் என்ன ஆகும் என்று. அவர் காப்பியைக் கலக்கிக்கொண்டே, முதல் குற்றச்சாட்டு ஆடுகிறவள் மேல்தான் என்றார். முழு மனதோடு ஆடவில்லை என்று தடை வரும். மேனேஜர், எனக்கு வலிக்கிறது என்று அவள்தான் சொன்னாள் என்று கழன்றுகொள்வான். அப்படித்தான் எப்போதும் நடந்திருக்கிறது என்றார்.

ஆக, மருத்துவரைக் கூப்பிட்டால் மாட்டுவது குருவி. அவன் வழக்கம்போல நழுவிவிடுவான்.

வேறு வழி யோசிக்கணும். இருக்கு. ஒரு வழி இருக்கு.

மே 7

செய்தான்!

இரண்டுக்கு இரண்டு ஆனதுமே பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டேன். இந்தக் கோப்பையில் ஆட்டங்களின் வரிசை மாறும். இன்று கடைசியாக வந்தது குருவியின் ஆட்டம். அவள் முதல் கேமை எடுத்துவிட்டாள், இரண்டாவதிலும் முன்னால் இருந்தாள். அவன் நாற்காலியில் நெளிவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுந்தான். என் மேசைக்கு வந்தான்.

"முட்டியில அடிம்மா. விட்டுக்குடுக்கறோம்."

அதே முட்டி. புதுசாக ஓர் உறுப்பைக்கூட யோசிக்கவில்லை, கணுக்கால் என்றாவது சொல்லியிருக்கலாம். மனசுக்குள் சிரித்தேன். முகத்தில் கவலையை வரவழைத்துக்கொண்டு, முட்டியா சார், ரொம்ப மோசமா என்றேன். ரொம்ப மோசம் என்றான். அவன் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லி எழுதினேன், கையெழுத்து வாங்கினேன்.

அப்புறம் அந்த விதியைக் காட்டினேன். யாரும் தொடாத விதி. காயம் மோசம் என்று மேனேஜரே உறுதி சொன்னால், ஆடுகிறவரின் நலன் கருதி, மிச்சத் தொடர் முழுவதும் அவரை விலக்கி வைக்க ரெஃபரிக்கு அதிகாரம் உண்டு. விலக்கி வைத்தேன். மருத்துவரின் கையெழுத்தெல்லாம் இனிமேல் செல்லாது. நாளைக் காலிறுதிக்கு அவனுக்குக் குருவி கிடையாது.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. இல்லம்மா, அவ்வளவு மோசம் இல்லை, நாளைக்குச் சரியாகிவிடும் என்று இழுத்தான். ரொம்ப மோசம் என்று நீங்கள்தானே சார் சொன்னீர்கள் என்றேன்.

குருவி என்னிடம் வந்து ஏதோ சொன்னாள். அரங்கில் ஒரே சத்தம், சரியாகக் கேட்கவில்லை.

இத்தனை வருஷம் காத்திருந்ததற்கு ஒரு நாள்!

மே 8

தோற்றார்கள். லேசான அணியிடம், நேராக மூன்று ஆட்டமும். குருவி இடத்தில் ஆடிய பெண் பாதியிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். அவன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். வெட்டிய குழியில் அவனே விழுந்து கிடப்பதை ரெஃபரி மேசையிலிருந்து, அதுவும் சாய்வு நாற்காலியில், பார்க்கிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்?

இவருக்குப் போன் செய்து சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று கேட்டார். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

மே 9

தூக்கம் வரும் என்று நினைத்தேன்.

மே 10

பொதுக்குழு. ஓட்டல் கூடத்தில் நாட்டுக்கு ஒரு சின்னக் கொடி, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு ஓட்டுக்கருவி. நடுவர்களுக்குப் பின்வரிசையில் இடம். காலிறுதியில் அசிங்கப்பட்டவன் எந்த முகத்தோடு ஓட்டுக் கேட்கிறான் பார்க்கலாம் என்று போனேன்.

மேடையேறினான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ஒரு சின்னப் பொண்ணோட முட்டியா, காலிறுதியான்னு வந்துச்சு. நான் முட்டியைத் தேர்ந்தெடுத்தேன். பதவியிலயும் அதைத்தான் செய்வேன்."

கை தட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள்! அதோடு விடவில்லை. விதியை இரக்கத்தோடு பயன்படுத்திய ரெஃபரிக்கு நன்றி என்று என் பக்கம் கையைக் காட்டினான். எல்லாத் தலையும் திரும்பியது. நான் என்ன செய்தேன்? எழுந்து தலையாட்டினேன். தலையாட்டினேன்!

ஜெயித்துவிட்டான். இருக்கிற வேட்பாளர்களிலேயே அதிக ஓட்டு. நல வாரியம் ஒன்று அமைத்து அதற்கு அவனைத் தலைவராக்கப்போகிறார்களாம்.

அவன் பொய்க்கு முத்திரை குத்திக்கொடுத்தது நான். நான் ஏற்றுக்கொண்டதால்தான் அந்தக் காயம் சம்மேளனத்தின் பதிவில் ஏறி உண்மையாகிவிட்டது. கிரீடத்தை என் கையாலேயே வைத்துவிட்டேன்.

மே 11

விமான நிலையத்தில். குருவி அணிச் சட்டையோடு வரிசையில் நின்றிருந்தாள். பெட்டி தள்ளிக்கொண்டு போன வேறு அணிக்காரி ஒருத்தி அவளைக் கேட்டாள். வேறு மொழிதான். ஆனால் விரலால் முட்டியைக் காட்டிக் கேட்டாள், கேள்வி எனக்குப் புரியாமலா? குருவி சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். உதடு மட்டும் சிரிக்கும்.

மே 7 அன்று எழுதியதில் ஒன்று பொய். அரங்கில் சத்தம் இல்லை. ஆட்டம் நின்றதும் கூட்டம் என்னவென்று புரியாமல் கப்சிப் என்று இருந்தது. அவள் மூச்சிரைக்க என் மேசைக்கு ஓடிவந்தாள். ஓடி வந்தாள், முட்டி போனவள்!

"எனக்கு ஒண்ணுமில்ல மேடம். நான் ஆடறேன்."

நான் எழுதிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

"மேனேஜர் சொன்னா சொன்னதுதாம்மா."

இதை நான்தான் சொன்னேன். என் வாய்தான்.

ஜூன் 3

ஆஸ்பத்திரி. மூச்சை இழுத்துப் பிடியுங்கள், விடுங்கள். மூச்சை இழுத்துப் பிடியுங்கள், விடுங்கள்.

ஜூன் 19

நடந்ததை இவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினார். திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

என்னைக் கேட்டால், குருவிக்குத் தடை வராமல் காப்பாற்றினேன் என்று சொல்லலாம். அதுவும் உண்மைதான். ஆனால் அன்று பேனாவை எடுத்தபோது என் கண்ணில் அவன் மட்டும்தான் இருந்தான். அவள் நடுவில் நின்றாள். பார்த்தேன். கதவை மூடினேன்.

ஆகஸ்ட் 12

விசில் போன் செய்தார். குருவியை அவள் நாட்டு அணியிலிருந்து எடுத்துவிட்டார்களாம். சொன்ன காரணத்தை நான் அவரைவிட முன்னால் சொன்னேன். அடிக்கடி காயம்படுகிறவள். உனக்கு எப்படித் தெரியும் என்றார்.

செப்டம்பர் 8

சம்மேளனத்தின் ஒழுங்கு விசாரணைக் குழு அழைத்திருக்கிறது. குருவி முறையிட்டிருக்கிறாள். அவன் மேல் மட்டும் இல்லை, என் மேலும். நான் செய்திருக்க வேண்டியதை, அந்த வயதில் எனக்குச் செய்யத் தோன்றாததை, இந்தப் பெண் செய்துவிட்டாள். புள்ளி எடுத்துவிட்டு அவள் ராக்கெட் நரம்பைத் தடவுகிற மாதிரி இருந்தது அதைப் படிக்கும்போது. அதைவிட, பயமாக இருந்தது.

செப்டம்பர் 15

அவன் கூப்பிட்டான். இத்தனை வருஷத்தில் முதல் முறை. குரல் தேன்.

"நீ பார்த்தது காயம். அதைச் சொன்னா போதும். அடுத்த கோப்பைக்கு நீதாம்மா தலைமை ரெஃபரி. நான் பார்த்துக்கறேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன். சமையலறையில் நின்று கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தேன்.

அப்புறம் எனக்கு விளங்கியது. அவனை விழவைக்க என் கையில் இருப்பது ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் அவனும் போவான், நானும் போவேன். தெரிந்தே பொய்யை ஏற்றுக்கொண்ட ரெஃபரியை யார் வைத்துக்கொள்வார்கள்? சேர்ந்து போகலாம் வா என்றால் போகத் தயார். அவன் மேல் அவ்வளவு பாசம் எனக்கு.

அக்டோபர் 14

விசாரணை. மூன்று பேர் குழு, நீள மேசை, ஜன்னலுக்கு வெளியே யாரோ புல் வெட்டுகிற சத்தம். அவன் வக்கீலோடு வந்திருந்தான். குருவி தனியாக வந்திருந்தாள். என்னிடம் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அன்னிக்கு என் முட்டி நல்லா இருந்துச்சா, இல்லையா?"

"நல்லா இருந்துச்சு. எனக்குத் தெரியும்" என்றேன்.

அவன் துள்ளி எழுந்தான். இவள் தன் முட்டி விவகாரத்தில் என்மேல் பழைய கறுவலை வைத்துப் பழிவாங்குகிறாள் என்று கத்தினான். அப்படியென்றால் நினைவு இருக்கிறது! மறக்கவே இல்லை, திருடன். குழுத்தலைவி என்னைப் பார்த்து, அது உண்மையா என்று கேட்டார். உண்மைதான் என்றேன். பழிவாங்கத்தான் அன்று ஏற்றுக்கொண்டேன், இன்றும் அந்த ஆசை போகவில்லை, ஆனாலும் முட்டி நன்றாகத்தான் இருந்தது என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

நவம்பர் 20

தீர்ப்பு. அவனுக்கு நிர்வாகக் குழுப் பதவி போனது, ஆட்டத்தின் பக்கமே வரக் கூடாது. எனக்கு ரெஃபரி உரிமம் ரத்து, திரும்பக் கேட்க முடியாது. குருவியின் பதிவிலிருந்து காயம் என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள்.

அவனைப் பற்றிய செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இனிக்கிறது. மறுக்கவில்லை. ஒவ்வொரு முறை படிக்கும்போதும் இனிக்கிறது. ரெஃபரி சட்டையை மட்டும் மடித்து அலமாரியின் மேல்தட்டில் வைக்கும்போது அழுகை வந்துவிட்டது. இவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

விசாரணையன்று எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. எனக்கு இது வழக்கமாகிவிட்டது. முடிந்து வெளியே வந்தபோது மாடிப்படி முனையில் குருவி நின்றிருந்தாள். நன்றி சொல்வாள் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், என்ன புத்தியோ. அவள் என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"உங்க முட்டிக்கு அப்ப நெஜமா என்ன ஆச்சு மேடம்?"

"ஒண்ணும் ஆகலம்மா."

இதை நம்பி யாரும் கேட்டதில்லை. அவள் நம்பினாள்; முகத்தில் தெரிந்தது. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"உங்களுக்கு நடந்ததுதானே. அப்புறமும் எப்படி மேடம் செஞ்சீங்க?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கிப் போய்விட்டாள்.